உங்களுக்குத் தெரியுமா? மூன்று வயதுக் குதிரைக்கு ஒரே ஒரு வாய்ப்பு

✦ பந்தயக் குதிரைகள் அத்தனைக்கும் ஒரே நாளில்தான் பிறந்தநாள்: ஜனவரி 1. பிப்ரவரியில் பிறந்த குட்டிக்கும் மே மாதம் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஜனவரி முதல் தேதியன்று ஒரு வயது முடிந்ததாகக் கணக்கு. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால் அங்கே ஆகஸ்ட் 1. டிசம்பர் 31 இரவு பத்து மணிக்கு ஒரு குட்டி விழுந்தால், விடிந்ததும் ஏட்டில் அதற்கு வயது ஒன்று! முதலாளிக்கு அதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். அதனால் எந்த மாதத்தில் இணை சேர்ப்பது என்பதைப் பண்ணைக்காரர்கள் முகூர்த்தம் பார்ப்பதுபோல் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

✦ வயதில் இத்தனை கறார் எதற்கு? டெர்பி என்னும் பந்தயத்துக்காகத்தான். மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடும் பந்தயம் அது. இரண்டு வயதில் சேர்க்க மாட்டார்கள், நான்கு வயதிலும் சேர்க்க மாட்டார்கள். ஒரு குதிரையின் ஆயுளில் ஒரே ஒரு முறை. அன்றைக்குக் கால் சுளுக்கினால், இருமல் வந்தால், ஜாக்கி தவறான நேரத்தில் விரட்டினால் அவ்வளவுதான். கிரிக்கெட்டில் இன்று டக் அவுட் ஆனவன் நாளை சதம் அடிக்கலாம். டெர்பிக் குதிரைக்கு அந்த நாளை கிடையாது.

✦ முதல் டெர்பி நடந்த ஆண்டு 1780, இடம் லண்டனுக்குத் தெற்கே எப்சம் புல்வெளி. முந்தைய ஆண்டு, 1779இல், டெர்பி பிரபு அங்கே மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டும் ஒரு பந்தயம் தொடங்கி, தன் மாளிகையின் பெயரையே ‘ஓக்ஸ்’ என்று அதற்கு வைத்தார். அது பிடித்துப்போகவே, அடுத்த வருஷம் ஆண், பெட்டை இரண்டும் ஓடும் பந்தயம். அதற்குப் பிரபுவின் பெயரை வைப்பதா, நண்பர் சார்லஸ் பன்பரியின் பெயரை வைப்பதா என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. பிரபு ஜெயித்தாராம். கதை உண்மையோ இல்லையோ, முதல் பந்தயத்தில் வென்றது பன்பரியின் குதிரைதான்: டயமெட். பெயர் ஒருவருக்கு, பரிசு மற்றவருக்கு!

அந்த டயமெட்டின் பிற்காலம் இன்னும் சுவாரசியம். கிழடாகி, குட்டி கொடுக்கவும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டு, 21 வயதில் வெறும் 50 கினிக்கு (கினி என்பது அந்தக் காலத்து இங்கிலாந்துப் பொன் நாணயம்) அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. வர்ஜீனியாவில் போய் இறங்கியதும் கிழட்டுக் குதிரைக்குப் புது உயிர் வந்ததோ என்னவோ, அதன் வாரிசுகள் அமெரிக்கப் பந்தயங்களை ஒரு தலைமுறை முழுக்க ஆண்டன.

✦ அதற்கு முன்பெல்லாம் இங்கிலாந்தில் ஐந்து, ஆறு வயது முதிர்ந்த குதிரைகளைத்தான் ஓட்டினார்கள். நான்கு மைல் ஓட்டம். அதையும் ஒரே நாளில் இரண்டு மூன்று சுற்று ஓட வேண்டும். தாக்குப்பிடிப்பதுதான் சோதனை. பிறகு பிரபுக்களுக்குப் பொறுமை போய்விட்டது. குட்டியை ஐந்து வருஷம் தீனி போட்டு வளர்த்து, அதற்குப் பிறகா பலன் பார்ப்பது? சின்ன வயதிலேயே, ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்தது. 1776இல் டான்காஸ்டரில் தொடங்கிய செயின்ட் லெஜர்தான் அந்த வழியில் முதல் பெரிய பந்தயம்.

இளங்குதிரைப் பந்தயம் என்பது வெறும் விளையாட்டு அல்ல. எந்தக் குதிரையின் வித்தை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் பரீட்சை. டெர்பியில் ஜெயித்த குதிரைக்குப் பரிசுப் பணத்தைவிடப் பண்ணையில்தான் பெரிய வருமானம். எப்சம் டெர்பியில் காயடித்த குதிரைக்கு இடமில்லாததும் இதனால்தான். வாரிசு தர முடியாதவனுக்கு இந்தப் பரீட்சை எதற்கு என்பது அவர்கள் வாதம்.

✦ ‘கிளாசிக்’ என்று சொல்லப்படும் பந்தயங்கள் மொத்தம் ஐந்து. டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர், 2000 கினி (1809), 1000 கினி (1814). கடைசி இரண்டும் அந்தக் காலத்துப் பரிசுத் தொகையையே பெயராக வைத்துக்கொண்டவை. தொகை எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது, பெயர் மட்டும் ஏறவில்லை.

✦ சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயம் தொடங்கிய ஆண்டு 1777. அதாவது எப்சம் டெர்பி பிறந்தபோது கிண்டி மைதானத்துக்கு வயது மூன்று! மெட்ராஸ் ரேஸ் கிளப் முறைப்படி அமைந்தது பிற்பாடு, 1896இல். தென்னிந்திய டெர்பி, தென்னிந்திய 2000 கினி, தென்னிந்திய ஓக்ஸ் என்று ஐந்து கிளாசிக்குகளையும் பெயர் மாறாமல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

✦ மும்பை மகாலட்சுமி மைதானத்தில் நடக்கும் இந்திய டெர்பி 1943இல் தொடங்கியது. முதல் வெற்றி ஒரு பெட்டைக் குதிரைக்கு: பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிபுல். தூரம் 2,400 மீட்டர்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்திய டெர்பியில் ஓடுவது நான்கு வயதுக் குதிரைகள். ஏன்? மும்பையில் பந்தயப் பருவம் குளிர்காலம். டிசம்பரில் 2000 கினி ஓடும்போது குதிரைக்கு மூன்று வயது. பிப்ரவரியில் டெர்பி வருவதற்குள் ஜனவரி 1 குறுக்கே வந்துவிடுகிறது. இரண்டே மாத இடைவெளி, ஏட்டில் ஒரு வயது கூடுதல். மழைக்காலமும் வெயில்காலமும் சேர்ந்து இங்கிலாந்துச் சட்டத்தை வளைத்த கதை இது.

✦ தேனி, பெரியகுளம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இந்த வயதுக் கறார் புதிதாக இருக்காது. தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று உயரமும் பல்லும் பார்த்துத்தான் காளைகளைப் பிரிக்கிறார்கள். தேன்சிட்டில் ஓட வேண்டியதற்குப் பக்கத்தில் பல் போட்ட காளையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அங்கேயே வாய்ச்சண்டை ஆரம்பமாகும். மாட்டின் வாயைத் திறந்து பார்க்காமல் பந்தயக் கமிட்டி கொடி அசைக்காது.

குதிரைக்கும் அதே சாட்சிதான். இரண்டரை வயதில் முன்வரிசை நடுவில் இரண்டு பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். மூன்றரையில் அதற்கு அடுத்த ஜோடி, நாலரையில் ஓரத்து ஜோடி. ஐந்தில் வாய் நிறைந்துவிடும். டெர்பி நடக்கும் ஜூன் மாதத்தில் மூன்று வயதுக் குதிரை வாயைத் திறந்தால் கீழ்வரிசையில் இரண்டு பெரிய பல் தெரிய வேண்டும். நான்கு தெரிந்தால் சங்கதி வேறு.

✦ 1844இல் சங்கதி வேறாகத்தான் இருந்தது. அந்த வருஷ டெர்பியில் ரன்னிங் ரெயின் என்ற குதிரை முதலில் வந்தது. பந்தயத்துக்கு முன்பே ‘இது மூன்று வயதுக் குதிரை இல்லை’ என்று முணுமுணுப்பு இருந்தது. ஜெயித்ததும் வழக்கானது. இரண்டாவது வந்த ஆர்லாண்டோவின் சொந்தக்காரர் கர்னல் பீல், அப்போதைய பிரதமர் ராபர்ட் பீலின் தம்பி. நீதிபதி நீட்டி முழக்கவில்லை. குதிரையைக் கொண்டுவாருங்கள், வாயைப் பார்த்துவிடலாம் என்றார். குதிரையைக் காணோம்! வழக்கு அதோடு படுத்தது. ஓடியது மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை, மூன்று வயதுக் குதிரையின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்திருந்தது என்று பிறகு தெளிவானது. பரிசு ஆர்லாண்டோவுக்குப் போனது.

இதோடு முடியவில்லை. அதே பந்தயத்தில் அடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்ட லியாண்டர் என்ற குதிரையும் நான்கு வயது என்று பின்னால் தெரியவந்தது. இளசுகளின் பந்தயத்தில் எத்தனை பெரிசுகள் ஓடினவோ!

✦ குதிரை வியாபாரத்தில் ஏமாந்த கதை நமக்கும் உண்டு. மதுரைப் பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டார். நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன, இரவோடு இரவாகப் பரிகள் நரிகளாயின. திருவிளையாடலைப் பக்தியோடு கேட்கிறோம். குதிரை ஏற்றுக்கொண்ட லாயக்காரர்கள் மறுநாள் காலை எப்படி விழித்திருப்பார்கள் என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

✦ பாண்டியர்கள் குதிரைக்குக் கொட்டிய பணம் கற்பனை அல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, இங்குள்ள அரசர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியாக வாங்கினார் என்றும், வருஷம் திரும்புவதற்குள் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை, அப்படிப்பட்ட ஆட்களை வர விடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குச் சரக்கு!

✦ பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் ‘தரோபிரட்’ இனம் முழுதும் ஆண்வழியில் மூன்றே மூன்று குதிரைகளில் போய் முடிகிறது. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன். மூன்றும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை. இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பகுதி டார்லி அரேபியன் வழி. அந்த வழியில் 1764இல் சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் ‘எக்லிப்ஸ்’ என்றே பெயர் வைக்கப்பட்ட குதிரை 18 பந்தயம் ஓடி ஒன்றிலும் தோற்கவில்லை. கிரகணத்தில் பிறந்த பிள்ளையைப் பற்றி நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வதெல்லாம் குதிரைக்குப் பொருந்தாதுபோல.

✦ நம் ஊர்ப் பசுவுக்குச் சினை ஊசி போடுகிறோம். தரோபிரட்டுக்குக் கூடாது! நேரடியாக இணை சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் வம்சாவளிப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். உலகம் முழுக்க இதே விதி. ஊசி வழியாக உலகத்தின் சிறந்த குதிரைக்கு ஆயிரம் குட்டி பிறந்துவிட்டால், மற்றப் பண்ணைக்காரன் என்ன செய்வான்?

✦ பந்தயக் குதிரையின் பெயர், இடைவெளியையும் சேர்த்து, ஆங்கிலத்தில் 18 எழுத்துக்குமேல் போகக் கூடாது.

✦ சாதாரணப் பந்தயங்களில் நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து குறிப்பிட்ட எடை வராவிட்டால் சேணத்துத் துணியில் ஈயத் தகடு வைப்பார்கள். திறமைசாலியின் முதுகில் சுமை ஏற்றி எல்லாரையும் சமமாக்கும் வித்தை. கிளாசிக்கில் அது கிடையாது. எல்லாருக்கும் ஒரே எடை, பெட்டைக் குதிரைக்கு மட்டும் சிறு சலுகை. இந்தியாவில் அது ஒன்றரைக் கிலோ.

✦ எப்சம் டெர்பியை வென்ற ஒரே இந்திய மன்னர் ராஜ்பிப்ளா மகாராஜா விஜயசிங். ஆண்டு 1934, குதிரை விண்ட்சர் லாட். ஜெயித்த கையோடு அவர் குதிரையை விற்றுவிட்டார். வாங்கியவருக்கு அது அதே வருஷம் செயின்ட் லெஜரையும் ஜெயித்துக் கொடுத்தது. கராச்சியில் பிறந்த மூன்றாம் ஆகா கான் ஐந்து முறை டெர்பி வென்றவர். 1947 செயின்ட் லெஜரில் வென்ற குதிரையின் பெயர் சாயாஜிராவ். பரோடா அரச குடும்பத்துப் பெரியவரின் பெயர். இங்கே ஆகஸ்டில் கொடி மாறியது, அங்கே செப்டம்பரில் ‘சாயாஜிராவ், சாயாஜிராவ்’ என்று வெள்ளைக்காரர்கள் வாய் குழறிக் கத்தினார்கள்.

✦ தமிழ்நாட்டில் ரேஸ் என்றால் பழைய ஆட்களுக்கு நினைவுக்கு வருவது செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி. 2015இல் மறைந்தார். அவருடைய லாயத்துக் குதிரைகள் வென்ற கிளாசிக்குகள் நூற்றுக்கணக்கில்.

✦ 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. ரேஸில் வீடு வாசலை இழந்த குடும்பங்கள் அப்போது தெருவுக்குத் தெரு உண்டு. சட்டத்துக்குப் பொதுமக்களிடம் ஆதரவும் இருந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. வழக்கு இழுத்து இழுத்து 1996 ஜனவரி 12 அன்றுதான் தீர்ப்பு வந்தது. கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் அதற்குப் பெயர். குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேலோங்கி நிற்கிறது, ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கை, இவையெல்லாம் கணக்கில் எடுக்கப்பட்டன. இன்றைக்கு ஆன்லைன் ரம்மி வழக்கு எது வந்தாலும் வக்கீல்கள் முதலில் தூக்கிக் காட்டுவது இந்தக் கிண்டிக் குதிரையைத்தான்.

திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் இருக்கலாம். டிக்கெட் வாங்கியவனுக்கு இருந்ததா என்பது அவன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி.

✦ கிண்டி மைதானத்தின் 160.86 ஏக்கரை 1945இல் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். பிற்பாடு அரசு வாடகையை உயர்த்த, கிளப் மறுக்க, பாக்கி 730 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலைப் பூட்டி சீல் வைத்தது. மழைநீர் தேங்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. வேளச்சேரிக்காரர்களுக்கு டெர்பியைவிட அதுதான் அவசரம்.

✦ ஊட்டி ரேஸ் கோர்ஸுக்கும் அதே கதி, மூன்று மாதம் முன்னதாக. 2024 ஜூனில், 822 கோடி ரூபாய் பாக்கி என்று கூறி, நகரத்தின் நடுவே இருந்த ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது. ஏழாயிரம் அடிக்கு மேல், காற்று மெலிந்த உயரத்தில், நீலகிரி டெர்பி ஓடிய மைதானம் அது. கோடையில் சென்னை கொதிக்கும்போது குதிரைகளும் பயிற்சியாளர்களும் மலையேறிவிடுவது வழக்கமாக இருந்தது. கவர்னர் மட்டும்தான் ஊட்டிக்குப் போக வேண்டுமா என்ன?

✦ பழனி மலையில் பந்தயக் குதிரை ஓடவில்லை, ஆனால் குதிரை இல்லாமல் கொடைக்கானலே இல்லை. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டியபோது வண்டிப்பாதை கிடையாது. 1910களில் லா துரையின் காட் ரோடு வரும்வரை, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத் தோப்பில் மாட்டுவண்டியை விட்டிறங்கி, பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதையில் நடந்தோ, டோலியில் உட்கார்ந்தோ, மட்டக்குதிரை ஏறியோதான் மேலே போக வேண்டும். பியானோகூட ஆள் தோளில்தான் மலையேறிற்று என்பார்கள்.

இன்றும் கும்பக்கரைக்கு மேலே வெள்ளகவியில் சாமான் ஏறுவது பொதிக்குதிரை முதுகில்தான். அடுக்கத்துக்குப் பெரியகுளத்திலிருந்து தார் ரோடு வந்துவிட்டது. ஆனால் ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால், பேச்சு மறுபடி குதிரைப் பாதைக்குத்தான் திரும்பும். காப்பியும் ஆரஞ்சும் மலைவாழையும் இறக்கும் இந்தக் குதிரைகளுக்கு வம்சாவளிப் புத்தகம் கிடையாது, ஜனவரி 1 கிடையாது. வயது கேட்டால் வாயைத் திறந்து காட்டுவார்கள்.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. ஆனால் குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்றுவதற்கு ஐந்து வயது தாண்ட வேண்டும். டெர்பியில் ஓடும்போது அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைதான். மலைப்பாதையில் பொதி சுமக்கும் குதிரைக்குப் பாவப்படுகிறவர்கள் பட்டுச் சேணம் போட்டதற்கும் கொஞ்சம் பாவப்படலாம்.

✦ எப்சம் டெர்பியின் மிக வேகமான ஓட்டம் 2010இல் வொர்க்போர்ஸ் ஓடியது: 2 நிமிடம் 31.33 வினாடி. மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றது 1981இல் ஷெர்கார், பத்துக் குதிரை நீளம். 1983 பிப்ரவரியில் அயர்லாந்துப் பண்ணையிலிருந்து முகமூடிக்காரர்கள் ஷெர்காரைக் கடத்திப்போய்ப் பணயத்தொகை கேட்டார்கள். இன்றுவரை எலும்புகூடக் கிடைக்கவில்லை.

✦ தமிழ் பேசும் மலைகளில் இன்னும் பந்தயம் ஓடும் இடம் ஒன்று உண்டு, அது இலங்கையில்: நுவரெலியா. 1875இலிருந்து அங்கே ரேஸ். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் பருவத்தில் கவர்னர்ஸ் கப் நடக்கும். தேயிலைத் தோட்டத்து ஜனமும் கொழும்புப் பணக்காரர்களும் ஒரே வேலியோரம் நின்று பார்ப்பார்கள். கொடைக்கானலில் மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி உண்டு, நாய்க் கண்காட்சி உண்டு, படகுப் போட்டிகூட உண்டு. குதிரைக்கு ஏரிக்கரைச் சவாரி மட்டும்தான். கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.